கேட்கிற முகம்

திரையில் இன்னும் ஒன்றுமே வரவில்லை, சத்தம் மட்டும் வந்துவிட்டது. பஸ் ஒன்று கியர் மாற்றி மேடேறுகிற சத்தம். புரொஜக்டரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, யாராவது எழுந்துபோய்ச் சொன்னால் தேவலை என்று சாந்தாமணி இருட்டில் நெளிந்துகொண்டிருக்கும்போதே பஸ் வந்தது, பஸ்ஸின் ஜன்னலில் ஒரு பையன் வந்தான், அவன் காதிலிருந்து தொங்கிய வெள்ளை ஒயர் வந்தது. ஆக, கோளாறில்லை. வேண்டுமென்றே முதலில் காதுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் கண்ணுக்குக் கொடுக்கிறார்கள். எதற்காக அப்படி என்று அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அதில் ஒரு ருசி தட்டியது. வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது, சந்து முனையில் ரேணுவின் ஸ்கூட்டி திரும்புகிற சத்தம் முதலில் வரும், அதற்குள் இவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு நிற்பாள், அப்புறம் கேட், அப்புறம் செருப்பைக் கழற்றுகிற சத்தம், அப்புறம் அறைக்கதவு சாத்துகிற சத்தம். தீபாவளி வரைக்கும் முகம் மட்டும் வந்ததில்லை. இந்த இரண்டு வருஷத்தில் மகளை அவள் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மகள் இப்போது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கைக்கெட்டும் தூரத்தில், திரையின் வெளிச்சம் மூக்கு நுனியில் படும்படியாக. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் சாந்தாமணி திரையையே பார்த்தாள். பீளமேட்டில் ஒரு கல்லூரியின் சின்ன அரங்கம். மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்த மாணவர்கள், ஏசி குளிர், யாரோ பிரித்த மிக்சர் பொட்டலத்தின் வாசனை. பாட்டு இந்தக் காலத்துப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று மெர்லின் என்கிற நாகர்கோவில் பெண் எடுத்திருக்கிற படம். நாலு பேரைப் பற்றியது, அதில் ஒருத்தி ரேணு. "நீயும் வாம்மா, நீயும் படத்துல இருக்கற" என்று காலையில் ரேணு கூப்பிட்டாள். சாந்தாமணி கணபதியில் தான் வேலை பார்க்கிற பம்ப்செட் கம்பெனிக்குப் போன் பண்ணி, ஸ்டோர்ஸ் சாவியை இன்னொருத்தரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தறி சத்தம் வந்தது. சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடம், அதற்குள் அந்தப் பஸ் பையன், ஒரு காதில் தறி, ஒரு காதில் பாட்டு. பாட்டின் தாள அடி விழுகிற ஒவ்வொரு தடவையும் படம் மாறியது. அடி விழுந்ததும் தறியில் குறுக்கே ஓடுகிற நாடா, அடி விழுந்ததும் பையனின் கை, அடி விழுந்ததும் கூரையில் ஆடுகிற பஞ்சு. கண் இமைப்பதற்குள் மாறிவிடுகிறதே, எங்கே மாறுகிறது என்று பிடித்துவிட வேண்டுமென்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அடுத்த அடிக்குத் தயாராகக் காத்திருந்தாள். அடி விழுந்தது, படம் மாறவில்லை, பையனின் முகத்திலேயே நின்றுவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள். அட, பழக்கிவிட்டு ஏமாற்றுகிறார்களே, அதனால்தானே அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறோம், இல்லாவிட்டால் தறிக்கூடத்துப் பையன்கள் எத்தனை பேரைப் பஸ்ஸில் பார்த்திருப்போம், ஒருத்தன் முகமாவது ஞாபகமிருக்கிறதா. அவள் கால் விரல் செருப்புக்குள் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள், நிறுத்தினாள். பாட்டு என்ன செய்கிறது என்ற கேள்வியை இந்தப் படத்தில் யாருமே கேட்பதில்லை, அதையும் கவனித்தாள். கேள்வியை வெட்டி எடுத்துவிட்டுப் பதிலை மட்டும் விட்டிருக்கிறார்கள். கேள்வி இல்லாத பதில் தானாக வாய்விட்டுச் சொல்கிற மாதிரி இருக்கிறது. உக்கடத்துப் பையன் பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டித் தட்டி டிரம்ஸ் பழகியவன், சூலூர்ப் பெண் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள். எல்லாரும் கொஞ்சம் ஓரமாகப் பார்த்துப் பேசினார்கள், கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரையோ பார்த்து. அது மெர்லினாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தபோதும் அவள் அப்படித்தான் கேமராவுக்கு ஒட்டி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, ம், ம் என்று சத்தம் வராமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்படித் தலையாட்டிக் கேட்டால் யார்தான் பேசமாட்டார்கள், நானே அன்றைக்கு என்னென்னவோ பேசினேன், எதை வைத்திருக்கிறார்களோ, எதை வெட்டினார்களோ. ரேணுவின் அப்பா குடித்ததைச் சொன்னேனா? சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு ஆட்டோ கிடைக்காமல் நின்றதைச் சொன்னேன் போலிருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இத்தனை பிள்ளைகளும் பார்க்குமே என்று அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், குளிருக்கு மூடுகிற மாதிரி.

ரேணு வந்துவிட்டாள். மற்ற யாரையும் போலில்லாமல் அவள் மட்டும் நேராகக் கேமராவையே பார்த்தாள், அதாவது அரங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவரையும், அதாவது என்னை. சாந்தாமணிக்குச் சட்டென்று தலை தாழ்ந்தது. இவ்வளவு நேராக அந்தக் கண்களைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. இவளுக்கு மட்டும் ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள், முக்காலியில் ஆள் உட்காரவில்லையா, இல்லை இவளே அப்படிப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாளா. "அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல யாரும் பேசல" என்று திரையில் ரேணு சொன்னாள். "பாட்டு கேட்டா யாரோ கூட உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சு. அப்புறம் நானே எழுதிப் பேச ஆரம்பிச்சேன். அது ராப்புன்னு அப்பத் தெரியாது." குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முகம் போய் வீடு வந்தது. சாந்தாமணியின் வீடுதான், ஆனால் அவளுக்குத் தெரியாத வீடு. நடைக் கோடியில் ரேணுவின் அறைக்கதவு. கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருப்பார்கள் போலிருக்கிறது, கதவு அவ்வளவு உயரமாக இருந்தது, அடியில் ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கதவுக்கு முன்னால் தினமும் வீட்டுச் செருப்போடு வந்து நிற்கிறவள் அவள்தான், இவ்வளவு உயரமென்று ஒருநாளும் தோன்றியதில்லை. இனி அந்தப் பாட்டு வரும். தெரிந்துவிட்டது, வரத்தான் போகிறது. போன வருஷம் பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில், பந்தியில், கொழுந்தனார் பெண்டாட்டி இலைக்கு மேலே குனிந்து, "உன்ற பொண்ணு மேடையேறி அப்பனப் பத்திப் பாடறாளாமா, குடிச்சதெல்லாம் வருதாமா" என்று கேட்டாள். அதற்கப்புறம் ரேணு ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி நீட்டி, "கேட்டுப் பாரும்மா" என்றபோது சாந்தாமணிக்கு அந்தப் பந்தியும் இலையும் கண்முன்னால் வந்தன. "கையெல்லாம் மாவா இருக்குது, அப்புறம் கேக்கறேன்" என்றாள். மாவு உண்மையாகவே இருந்தது. அப்புறம் என்பதுதான் வரவில்லை. ரேணு இன்னொரு தடவை நீட்டவில்லை. அந்தப் பாட்டு அதே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், எத்தனையோ தடவை ஓடியிருக்கும். என்ன இருக்குமோ என்று பயந்த பயத்திலேயே அவளுக்கு அது பாதி மனப்பாடமாகிவிட்டது, அவள் இட்டுக்கட்டிய வார்த்தைகளில்.

மேடை வந்தது, சிவப்பு வெளிச்சம், கைகளைத் தூக்கி ஆடுகிற கூட்டம். கூட்டத்தின் சத்தத்தை மட்டும் யாரோ திருகிக் குறைத்த மாதிரிக் குறைத்துக்கொண்டே போனார்கள். அத்தனை வாய்களும் திறந்து மூடுகின்றன, சத்தமில்லை, ரேணுவின் குரல் மட்டும் மூச்சோடு கேட்டது. *கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் நிக்குது, சாப்ட்டயான்னு கேக்குது. பதில் வாய் வரைக்கும் வருது, செருப்புச் சத்தம் திரும்பிப் போகுது.* சாந்தாமணிக்கு முதலில் புரியவில்லை. அப்பனைக் காணோமே என்று தேடினாள். அடுத்த வரியில் வருவார், அதற்கடுத்ததில் வருவார். *இன்னொரு தடவ கேட்டிருந்தா, கதவத் தெறந்திருப்பேன்.* அப்போது திரை முழுக்க ஒரு பெண்ணின் முகம் வந்தது. சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில், வாய் லேசாகத் திறந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற முகம். பாவம், யாரைப் பெற்ற தாயோ, மகள் பாட்டை எப்படிக் கேட்கிறாள் பார் என்று நினைத்து முடிப்பதற்குள் அது தான்தான் என்று சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. காதில் அந்தக் கல்லுத்தோடு, தோளில் அந்தப் பழைய சுங்குடிச் சேலை. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பாட்டு ஓடியது, முகம் கேட்டது, பாட்டு நின்ற பிறகும் முகம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் நான் இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லையே.

எப்போது எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று அவள் மனம் அன்றைய நாளைத் தலைகீழாகக் கொட்டித் தேடியது. வந்ததும் காபி கேட்டார்கள், அப்போதில்லை. அரிசி களையச் சொன்னார்கள், அப்போதுமில்லை, அப்போது வேறு பக்கம் திரும்பி நின்றேன். கிளம்புவதற்கு முன்னால், ஆமாம், அப்போதுதான். தாடி வைத்த ஒரு தம்பி பெரிய மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் வந்து நின்றான். "ஆன்ட்டி, ரூம் டோன் எடுக்கணும். யாரும் பேசாதீங்க, அசையாதீங்க. அவங்கவங்க நிக்கற எடத்துலயே நில்லுங்க." அதென்ன என்று கேட்டதற்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி அமைதி இருக்கும், அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வெட்டி ஒட்டுகிற இடத்திலெல்லாம் அடியில் போட்டு நிரப்பலாம் என்றான். அமைதிதானே, இந்த வீட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது, அள்ளிக்கொண்டு போகட்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் சமையலறையில் நின்றாள். அப்போது பார்த்து எதிர்வீட்டு மொட்டைமாடியில் டேங்க் நிரம்பி வழிய ஆரம்பித்தது. சளசளவென்று தண்ணீர் விழுகிறது, மோட்டாரை நிறுத்த ஆளில்லை, எங்கே இந்தத் தம்பி எடுத்ததெல்லாம் பாழாகிவிடுமோ, நாம்தான் குற்றவாளி என்று நினைப்பானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தத் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேமரா அணைந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஆக அந்த முகம் இதுதான். எதிர்வீட்டுத் தண்ணீரைக் கேட்ட முகத்தை எடுத்து, எங்கோ மேடையில் மகள் பாடியதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், ஒட்டு தெரியவில்லை. ஒரு மோட்டாரின் பாகம் இன்னொரு மோட்டாருக்குப் பொருந்தாது, ஸ்டோர்ஸில் எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், பொருந்தாது என்றால் பொருந்தாது. முகம் எப்படி இவ்வளவு சுலபமாகப் பொருந்துகிறது? அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. வியப்பாகத்தான் இருந்தது. பொய் என்றால் எந்த இடத்தில் பொய்? பாட்டு உண்மை. முகம் உண்மை. கேட்டுக்கொண்டிருந்ததும் உண்மைதான், அவ்வளவு கவனமாக அவள் எதையும் கேட்டதில்லை. நடுவில் இருக்கிற வெட்டுத்தான், கண்ணுக்குத் தெரியாத அந்த இடம்தான், யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறது.

இந்த இடத்தில் அவளுக்கு வேறொன்று புரிந்தது. தீபாவளிக்கு முன்னால் மெர்லின் கூப்பிட்டு ரேணு சென்னைக்குப் போனாள், எடிட்டிங்கில் படத்தைப் பார்க்க. திரும்பி வந்த மறுநாள் சமையலறைக்கு வந்து கிரைண்டர் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு ஸ்டோர்ஸ்ல யாரு கூடம்மா சண்ட?" என்று கேட்டாள். சாந்தாமணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். கொஞ்ச நேரம்தான், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஏதோ கேட்டுவிட்டு, ஒரு வெங்காயத்தை உரித்துவிட்டுப் போவாள். என்ன நேர்ந்தது இவளுக்கு என்று கேட்டால் கலைந்துவிடுமோ என்று சாந்தாமணி கேட்காமலே இருந்தாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள், மனசு மாறிவிட்டது என்று ஒருநாள் நினைத்தாள், அவர் கனவில் வந்திருப்பார் என்று ஒருநாள். இல்லை. அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். அம்மா என் பாட்டைக் கேட்டிருக்கிறாள், கேட்டு இப்படி ஆகியிருக்கிறாள், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று நினைத்திருக்கிறாள். கிரைண்டர் மேடையில் வந்து உட்கார்ந்தது அந்த முகத்தை நம்பித்தான். அப்படியென்றால் வீட்டில் இப்போது இருக்கிற அத்தனை பேச்சும் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் மேலே நிற்கிறது. திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. விளக்குப் போட்டார்கள். கைதட்டினார்கள். சாந்தாமணியும் தட்டினாள்.

மெர்லின் மேடைக்கு வந்து ஏதோ சொன்னாள், மாணவர்கள் சத்தத்தைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் கேட்டார்கள், நேராகப் பார்த்துப் பேசியது ஏன் என்று ஒருவன் கேட்டான், அது ரேணுவே கேட்டுக்கொண்டது என்று பதில் வந்தது. காதில் விழுந்தது, நிற்கவில்லை. கண்ணாடி போட்ட ஒரு மாணவி எழுந்தாள். "ரேணுவோட அம்மாவுக்கு ஒரு கேள்வி. அந்தப் பாட்டக் கேக்கும்போது உங்க முகம் ஒன்னு வருதுங்களே, எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்த நேரத்துல என்ன நெனச்சீங்கம்மா?" மைக் கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. பெருமையாக இருந்தது என்று சொல்லிவிடலாம். இவ்வளவு பெரிய அரங்கத்தில் எந்த அம்மாவும் சொல்வது அதுதான், எல்லாருக்கும் திருப்தி, மெர்லினுக்கும் நல்லது, கிரைண்டர் மேடையும் நிலைக்கும். மைக் கைக்கு வந்துவிட்டது, யார் யாரோ பிடித்ததில் சூடாக இருந்தது. அவள் ரேணுவைத் திரும்பிப் பார்த்தாள். ரேணு இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், படத்தில் பார்த்த மாதிரியே, நேராக. இவளிடம் இன்னொரு தடவையும் ஒன்றைச் சொல்லாமல் திரும்பிப் போனால், அந்தச் செருப்புச் சத்தம் எனக்கே கேட்குமே என்று சாந்தாமணிக்குத் தோன்றியது.

"அது வந்துங்க," என்றாள். தன் குரல் பெரிதாகிச் சுவரில் பட்டு வந்ததில் ஒரு கணம் தயங்கினாள். "நான் அன்னைக்கு பாட்டுக் கேக்கலீங்க. வீட்டோட அமைதிய எடுக்கறோம்னு சொல்லி அசையாம நிக்கச் சொன்னாங்க. எதுத்த வீட்டு டேங்க் ரொம்பி ஊத்துச்சு. அதத்தானுங்க கேட்டுட்டு நின்னேன்." சிரிப்பு எழுந்தது, அவள் நிறுத்தாததால் அடங்கியது. "என்ற பொண்ணு பாட்ட நான் கேட்டதே இல்லீங்க. அவங்க அப்பாவப் பத்தி இருக்கும்னு பயந்துட்டு இருந்தேன். இப்பத்தான், இங்க உக்காந்துதான் கேட்டேன்." மைக்கை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். மேடையில் மெர்லின் தலையை ஆட்டினாள், வீட்டில் ஆட்டிய அதே மாதிரி. "ஆமா, ரூம் டோன் எடுக்கும்போது கேமரா ஓடிட்டிருந்துது. அந்த ஷாட் அதுதான்." அப்படியானால் அது பொய்தானே என்று அந்த மாணவியே கேட்டாள். "எடிட்டிங்ல நாங்க அதத்தான் பேசிட்டே இருந்தோம். எனக்கு இன்னும் தெரியல. நீங்க சொல்லுங்க," என்றாள் மெர்லின். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மறித்துப் பேச ஆரம்பித்தார்கள். சாந்தாமணிக்கும் கேட்க ஆசைதான். ஆனால் ரேணு பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவிநாசி ரோட்டில் வெயில் சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக நின்றதால் இருவரும் தள்ளி ஒரு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார்கள். ரேணு பஸ் வருகிற திசையையே பார்த்தாள். போச்சு, இனி கேட், செருப்பு, கதவு என்று சாந்தாமணி மனசுக்குள் வரிசையாக அந்தச் சத்தங்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். மெர்லின் இனி ரேணுவைக் கூப்பிடுவாளோ மாட்டாளோ, வேலையைக் கெடுத்துவிட்டேனோ.

"கோவமா கண்ணு?"

"இல்ல."

"அந்த மொகத்தப் பாத்துத்தான நீ வந்து வந்து உக்காந்துட்டிருந்த? நான் பாட்டக் கேட்டேன்னு நெனச்சு?"

ரேணு திரும்பினாள். "அந்த மொகத்த அங்க வெக்கச் சொன்னதே நான்தாம்மா."

ஒரு லாரி போனது. லாரியின் சத்தம் முழுக்கப் போய்த் தேயும்வரை சாந்தாமணி காத்திருந்தாள், தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று.

"மெர்லினக்கா அந்த எடத்துல ஸ்டேஜ் லைட்ட வெச்சிருந்தாங்க. ரூம் டோன்ல எடுத்தது சும்மா ஓடிட்டிருந்துச்சு, அதுல உன் மொகம் வந்துச்சு. இத வெச்சுப் பாக்கலாமான்னு நான் கேட்டேன். வெச்சதும் எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க."

"நான் கேக்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? நானும் ரூமுக்குள்ள அசையாமத்தான நின்னுட்டிருந்தேன். எனக்கும் தண்ணி சத்தம் கேட்டுச்சு." பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நீ கேட்டா எப்படி இருப்பன்னு பாக்கணும் போல இருந்துச்சும்மா. அவ்வளவுதான். ஓட்டி ஓட்டிப் பாத்துட்டே இருந்தேன். ஊருக்கு வந்தப்புறம், அந்த மொகம் வீட்டுலயே இருக்குதே, சமையல்கட்டுக்குப் போனாப் பாத்துக்கலாமேன்னு தோணுச்சு."

நீ இத்தனை நாள் வந்து பார்த்தாயே, அந்த முகம் இருந்ததா என்று கேட்கச் சாந்தாமணி வாயெடுத்தாள், அது கேட்கக் கூடாத கேள்வி மாதிரியும் இருந்தது. கணபதி பஸ் வந்தது, நின்றது. பிள்ளைகள் முண்டி ஏறினார்கள். இருவரும் நகரவில்லை, பஸ் போயிற்று.

"முழுசாப் பாடு," என்றாள் சாந்தாமணி. "படத்துல பாதிதான் வந்துச்சு."

"இங்கயா? ரோட்டுலயா?"

"இங்கதான்."

ரேணு சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மரத்தில் தோளைச் சாய்த்து, மேடையில் பாடிய மாதிரி இல்லாமல், பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் ஏதோ சொல்கிற மாதிரி ஆரம்பித்தாள். ஆட்டோக்கள் போயின. சில வார்த்தைகள் ஹாரனில் அடிபட்டுப் போயின, மிச்சம் வந்து சேர்ந்தது. இப்போது என்ன முகம் வைத்துக்கொள்வதென்று சாந்தாமணிக்குத் தெரியவில்லை. படத்தில் இருந்தது போல வாயைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள், அது பொய்யாக இருந்தது, மூடிக்கொண்டாள். தலையைச் சாய்க்கலாமா என்று யோசித்ததில் ஒரு வரி போய்விட்டது. கதவு வந்தது, குரல் வந்தது, அதற்கப்புறம் படத்தில் வராத வரிகள். அவர் வந்தார், குடித்துவிட்டுத்தான் வந்தார், வந்து வாசலில் செருப்பைக் கழற்றி இரண்டையும் சரியாகச் சேர்த்து வைத்தார். ஆமாம், அப்படித்தான் வைப்பார், எவ்வளவு தள்ளாடினாலும் அதை மட்டும் சரியாக வைப்பார். இதை இவள் எப்போது பார்த்தாள்? சாந்தாமணியின் புருவம் முடிச்சிட்டது, உதடு ஒருபக்கம் கோணிற்று, மூக்கு விடைத்தது. அழகாக இருந்திருக்காது.

ரேணு நிறுத்திவிட்டாள். "புடிக்கலையாம்மா? மொகத்த ஒரு மாதிரி வெச்சிருக்கற."

"கேட்டுட்டிருக்கேன்," என்றாள் சாந்தாமணி. "நிறுத்தாத."